கொங்கு நாட்டிலிருந்து ஊட்டிக்கு: முஸ்லிம் குடும்பங்களுக்கான முழுமையான பயண வழிகாட்டி

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பகுதி வீடுகளில் ஊட்டிப் பேச்சு எழுவது வழக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஏரி நகரம் நமக்கு அந்நிய ஊரன்று. அங்குள்ள ஏரியை 1820களில் வெட்டுவித்த ஜான் சல்லிவன் அப்போது கோயம்புத்தூர் மாவட்டக் கலெக்டராக இருந்தவர். 1868இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை நீலகிரி கோயம்புத்தூரோடு சேர்ந்தே இருந்தது. இன்றும் காய்கறி லாரிகளும் கல்யாண வீட்டாரும் இரு ஊர்களுக்கும் இடையே தினமும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

'ஹலால் சுற்றுலா' என்ற பெயரில் வெளிநாட்டு விடுதிகளுக்குப் பெரும் பணம் செலவிடும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியுள்ளன. அது அவரவர் விருப்பம். ஆனால் பள்ளிவாசல், ஹலால் உணவு, குடும்பத்தோடு அமைதியாக இருக்க ஓர் இடம் ஆகிய மூன்றும் நம் வீட்டிலிருந்து சில மணி நேரத் தொலைவிலேயே கிடைக்கின்றன என்பதை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். தொழுகையைப் பயணத்தின் இடைவெளிகளில் செருகப் பார்க்காமல், தொழுகை நேரங்களைச் சுற்றிப் பயணத்தை அமைத்துக்கொண்டால் போதும். எப்படி அமைப்பது என்பதைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதல் படி: காலமும் இ-பாஸும்

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டாம் சீசன். மே மாதத்தில் அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடைபெறும். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். இஸ்லாமிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் பெருநாள்கள் ஆண்டுதோறும் முன்னே நகர்கின்றன. பக்ரீத் இப்போது மே, ஜூன் மாதங்களை ஒட்டி வருவதால், பெருநாள் முடிந்த மறுநாளே மலையேறலாம் என்று எண்ணும் குடும்பங்கள் நெருக்கடி மிகுந்த நாளில் போய்ச் சிக்கிக்கொள்ள நேரிடும். ஒரு வாரம் தள்ளிப்போவது நல்லது. கூட்டம் வேண்டாம், குளிர் பரவாயில்லை என்பவர்களுக்கு என் பரிந்துரை ஜனவரி மாதம்: வானம் தெளிந்திருக்கும், அறை எளிதில் கிடைக்கும், விடியற்காலையில் புல்வெளியில் உறைபனியைக் காணவும் வாய்ப்பு உண்டு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ நீலகிரிக்குச் செல்வோர் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் சீசன் காலத்தில் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் உங்கள் தேதிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் ஏதுமில்லை, வண்டி எண், பயணிகளின் எண்ணிக்கை, தங்கும் இடம் போன்ற விவரங்கள் போதும். அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இது தேவையில்லை.

இரண்டாம் படி: நீங்கள் முஸாஃபிரா (மார்க்கச் சட்டப்படி பயணியா) என்பதை அறிந்துகொள்ளுதல்

பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்வியை மலைமேல் போய்ச் சேர்ந்த பிறகே எழுப்புகின்றன. அங்கே ஆளுக்கொரு பதில் வரும். புறப்படும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய செய்தி இது. ஏனெனில் தொழுகையைச் சுருக்குவதா, சேர்ப்பதா என்பது மட்டுமன்றி, காலுறைமீது மஸஹு செய்யும் (ஈரக் கையால் தடவும்) காலமும் இதைப் பொறுத்தே அமைகிறது.

பயணி என்று கருதப்படுவதற்கான தொலைவை, மத்ஹபுகள் எனப்படும் இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுள் ஹனஃபி அறிஞர்கள் ஏறத்தாழ 77, 78 கிலோமீட்டர் என்றும், ஷாஃபிஈ அறிஞர்கள் 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியும் கணக்கிடுகின்றனர். இந்தத் தொலைவு உங்கள் வீட்டு வாசலிலிருந்து அளக்கப்படுவதன்று; ஊரின் வீடுகள் முடியும் எல்லையிலிருந்து அளக்கப்படுவது. திருப்பூர், ஈரோடு, கரூர்க்காரர்களுக்கு ஐயமே இல்லை. ஊட்டி அவர்களுக்கு எந்த வழியிலும் இந்த வரம்பைத் தாண்டியே இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கும் ஐயமில்லை, குன்னூர் வழியாக அவர்களுக்கு ஊட்டி 51 கிலோமீட்டர்தான் என்பதால் அவர்கள் முழுமையாகத் தொழ வேண்டியவர்கள்.

நடுவில் நிற்பது கோவை. மாநகரின் மையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஏறத்தாழ 86 கிலோமீட்டர். ஆனால் மேட்டுப்பாளையம் சாலையில் கவுண்டம்பாளையம், துடியலூர் என்று வீடுகள் தொடர்ந்து செல்வதால், எல்லையிலிருந்து கணக்கிட்டால் தொலைவு வரம்பை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும். கோத்தகிரி வழியாகச் சென்றால் அதே பயணம் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குக் கூடுகிறது. ஒரே ஊருக்கு இரண்டு பாதைகள் இருந்தால் நாம் செல்லும் பாதையின் தொலைவே கணக்கு என்பது ஹனஃபி நிலைப்பாடு. சுருக்கித் தொழுவதற்காக மட்டும் நீண்ட பாதையைத் தேர்ந்தால் அது பொருந்தாது என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. எனவே கோவைக்காரர்கள் தங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தங்கள் குடியிருப்பையும் செல்லும் பாதையையும் சொல்லிக் கேட்டுக்கொள்வதே சரி. நகருக்குள் இருக்கும் கோட்டைமேட்டுக்காரருக்கு ஒரு பதிலும் நகரின் தென்கோடியில் தனித்துள்ள ஊர்க்காரருக்கு இன்னொரு பதிலும் கிடைக்கலாம். இரண்டும் சரியாக இருக்கக்கூடும்.

முஸாஃபிர் என்று உறுதியானால், நண்பகல் லுஹர், மாலை அஸர், இரவு இஷா ஆகிய நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட கடமைத் தொழுகைகள் இரண்டு ரக்அத்துகளாகும். விடியற்காலைச் சுபுஹுக்கும் அந்திநேர மஃரிபுக்கும் மாற்றமில்லை. ஹனஃபி மத்ஹபில் இப்படிச் சுருக்குவது கட்டாயம். ஷாஃபிஈ மத்ஹபில் அது சலுகை. இரண்டு தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் பயணத்தில் அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹப் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அனுமதிப்பதில்லை. கொங்கு நாட்டு ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபிகள் என்பதால், 'பயணம்தானே, சேர்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணாமல் ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கித் திட்டமிட வேண்டும். ஊட்டியில் உள்ளூர் இமாமின் பின்னால் நின்று தொழுதால் இரு மத்ஹபினரும் முழுமையாகவே தொழ வேண்டும்.

மூன்றாம் படி: தங்குமிடத்தைக் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தல்

அறையின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொலைபேசியில் அழைத்து நான்கு செய்திகளைக் கேளுங்கள். அவற்றுள் முதன்மையானது வெந்நீர். பல விடுதிகளில் வெந்நீர் காலை 6 அல்லது 7 மணிக்குத்தான் திறந்துவிடப்படும். ஜனவரியில் சுபுஹு நேரம் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. அறைக்குள்ளேயே கீசர் உண்டா, அது எந்நேரமும் இயங்குமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, கழிப்பறையில் தண்ணீர்க் குழாயோ கைத்தெளிப்பானோ இருக்கிறதா என்பது. மூன்றாவதாக, விடுதியில் மதுக்கூடம் இருக்கிறதா, இருந்தால் குடும்ப அறைகளுக்கு அது எவ்வளவு அருகில் உள்ளது என்பது. கடைசியாக, வீட்டு முறைத் தங்குமிடமாக இருந்தால் நாய் வளர்க்கிறார்களா, அது அறைக்குள் வருமா என்பது. நீலகிரியில் இத்தகைய பங்களாக்களில் நாய் இருப்பது சாதாரணம். கேட்டால் கட்டி வைப்பார்கள்.

சமையலறையுடன் கூடிய காட்டேஜ் கிடைத்தால், ஆறேழு பேர் கொண்ட குடும்பத்துக்கு அதுவே மிகச் சிறந்தது. உணவுச் சிக்கல் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பெண்கள் முக்காடு, பர்தா பற்றிய நெருக்கடி இல்லாமல் முற்றத்தில் வெயில் காயலாம். ஏரி, பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் ஆகிய எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் நகர்ப்பகுதியில் தங்கினால் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்லலாம். மலைச்சரிவில் தொலைவாகத் தங்கினால் காட்சி அழகாக இருக்கும். ஆனால் இஷாவுக்குப் பின் பனிமூட்டத்தில் வண்டி ஓட்ட வேண்டிவரும், காட்டெருமை சாலையில் நிற்கவும் கூடும். முதியவர்கள் உடன் வந்தால் நகர்ப்பகுதியையே தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: மூட்டை கட்டுதல்

கம்பளி உடை, காதை மூடும் குல்லாய், முஸல்லா (தொழுகை விரிப்பு), கிப்லா (தொழும் திசை) காட்டும் கருவி ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது இரண்டு பொருள்கள். ஒன்று, சிறிய எவர்சில்வர் சொம்பு. நீலகிரி மாவட்டத்தில் தண்ணீர் பாட்டில் உள்ளிட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. சோதனைச் சாவடியில் பிடித்தால் அபராதமும் உண்டு. வழியில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்யவும் கழிப்பறைத் தேவைக்கும் பழைய தண்ணீர் பாட்டிலை நம்பிச் செல்பவர்கள் சொம்பையும் பெரிய உலோகக் குடுவையையும் எடுத்துக்கொள்ளட்டும். மற்றொன்று, ஒரு கனமான விரிப்பு. புல்வெளி தூய்மையானதே, ஆனால் மலைமேல் அது எப்போதும் ஈரமாக இருப்பதால், முஸல்லாவுக்கு அடியில் விரிக்கச் சிறு தார்ப்பாய்த் துண்டு இல்லாவிட்டால் ஸஜ்தாவில் முழங்கால் நனைந்துவிடும்.

இவற்றோடு ஒரு ஜோடி தோல் காலுறையும் வாங்கிக்கொண்டால் குளிர்காலப் பயணம் பெரிதும் எளிதாகிவிடும். முழுமையாக ஒளு செய்து, கால்களைக் கழுவிய நிலையில் கணுக்கால் மூடும்படி இதை அணிந்துகொண்டால், அடுத்தடுத்த ஒளுக்களில் கால் கழுவுவதற்குப் பதிலாக ஈரக் கையால் காலுறையின் மேல்புறத்தைத் தடவினால் போதும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் இரவும், முஸாஃபிருக்கு மூன்று பகலும் இரவும் இந்தச் சலுகை உண்டு. அணிந்த பிறகு ஒளு முறியும் முதல் வேளையிலிருந்து அந்தக் காலம் எண்ணப்படும். குளிப்புக் கடமையானால் கழற்றிவிட வேண்டும். மெல்லிய பருத்தி, நைலான் காலுறைகள் இதற்குப் பொருந்துவதில்லை. குளிராக இருக்கிறது என்பதற்காகவே தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்தல்) செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வெந்நீர் கிடைக்கும் விடுதியில் அதற்கு இடமில்லை.

ஐந்தாம் படி: மலையேறுதல்

திருப்பூரிலிருந்து வருவோருக்கு அவிநாசி, அன்னூர் வழி. ஈரோடு, கோபியிலிருந்து வருவோருக்குச் சத்தியமங்கலம் வழி. எல்லாம் மேட்டுப்பாளையத்தில் வந்து சேரும். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர் அது. பள்ளிவாசல்களும் நம்பிக்கையான உணவுக்கடைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை புறப்படுவதாயின் ஜும்ஆவை மேட்டுப்பாளையத்தில் முடித்துவிட்டு மலையேறுமாறு சொல்வேன். முஸாஃபிருக்கு ஜும்ஆ கடமையன்று என்றாலும், வாய்ப்பு இருக்கும்போது அதை விட மனம் வருவதில்லை.

சீசன் நாள்களில் குன்னூர் வழியாக மேலே சென்று கோத்தகிரி வழியாக இறங்குமாறு போலீஸார் போக்குவரத்தை ஒருவழியாக்குவது வழக்கம். குன்னூர்ச் சாலையில் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். குழந்தைகளுக்குக் குமட்டல் வருமென்றால் வயிறு நிறையச் சாப்பிட வைக்காமல் ஏற்றிச் செல்லுங்கள்.

மலை ரயிலில் செல்ல எண்ணுவோர் நேரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை 1899இல் குன்னூர்வரையும் 1908இல் ஊட்டிவரையும் திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலை 7.10 மணிக்குப் புறப்படும் ரயில் நண்பகல் அளவில் ஊட்டியை அடைவதால் லுஹருக்கு எந்த இடையூறும் இல்லை. சிக்கல் இறங்கும் ரயிலில்தான். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியை விட்டுக் கிளம்பும் அது மேட்டுப்பாளையம் சேர மாலை 5.30 மணியைத் தாண்டும். நவம்பர், டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது 6 மணியை ஒட்டி. ரயில் சற்றே தாமதித்தாலும் அஸர் கைநழுவும். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த முஸாஃபிர்கள் ஊட்டியிலேயே லுஹரோடு அஸரை முன்சேர்த்துத் தொழுதுவிடலாம். ஹனஃபிகள் அந்த மாதங்களில் ஏறுவதற்கு ரயிலையும் இறங்குவதற்குப் பேருந்தையும் வைத்துக்கொள்வதே நிம்மதி. மேலும் வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, குன்னூர் இடையே மண் சரிந்து ரயில் நிறுத்தப்படுவது அடிக்கடி நடப்பது. மாற்று ஏற்பாடு கையில் இருக்கட்டும்.

ஆறாம் படி: உணவு

முதல் வேளைக்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்லுங்கள். புளிச்சோறு, அவித்த முட்டை, தக்காளிச் சோறு எதுவானாலும் சரி. மலையேறி இறங்கிய களைப்பில், பசித்த குழந்தைகளை வைத்துக்கொண்டு கடை தேடும்போதுதான் 'இங்கேயே சாப்பிட்டுவிடலாம்' என்று மனம் தளரும்.

ஊட்டியின் மார்க்கெட், பஜார்ப் பகுதிகளில் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்கள் உண்டு. கூடலூர், வயநாடு வழியாகக் கேரளத் தொடர்பு நெருக்கமாக இருப்பதால் மலபார் முறைப் பிரியாணியும் பரோட்டாவும் கிடைக்கும். கடை வாசலில் 'ஹலால்' பலகை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கோழியும் ஆடும் எங்கிருந்து வருகின்றன, யார் அறுக்கிறார்கள் என்று கல்லாவில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். சரியாக நடத்துபவர் தயங்காமல் பதில் சொல்வார். இன்னும் எளிய வழி, தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் உள்ளவர்களிடம் 'பாய், குடும்பத்தோடு சாப்பிட எந்தக் கடை நல்லது?' என்று கேட்பது. இதைவிட நம்பகமான வழிகாட்டி எந்தச் செயலியிலும் இல்லை. பதில் மனநிறைவு தராவிட்டால் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. இட்லியும் சாம்பாரும் கிடைக்கும் ஊரில் ஐயத்தோடு இறைச்சி உண்ண வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கலப்பு உணவகங்களில் காய்கறி வறுவலும் கோழி வறுவலும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இறைச்சியைவிடக் கவனம் வேண்டியது இனிப்பில். வீட்டுமுறை சாக்லேட் விற்கும் கடைகளில் ரம் கலந்த வகைகளும் தட்டில் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கக்கூடும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. குழந்தை கைநீட்டும் முன் 'மது சேர்க்காதது எது?' என்று வெளிப்படையாகக் கேட்டு, தனிக் கரண்டியால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டிசம்பர் மாதப் பிளம் கேக்குக்கும் இது பொருந்தும். மார்ஷ்மெல்லோ போன்ற மென்மையான மிட்டாய் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். அதன் மூலம் எது என்று தெரியாவிட்டால் தவிர்த்துவிடலாம். ஊட்டி வர்க்கி மைதா, சர்க்கரை, கொழுப்பு கொண்டு அடுக்கடுக்காகச் சுடப்படுவது. டால்டாவா நெய்யா என்று கேட்டு வாங்கினால் போதும். சூடான தேநீரில் தோய்த்துச் சாப்பிட அதற்கு நிகரில்லை.

ஏழாம் படி: ஊரில் பொழுதை அமைத்தல்

ஊட்டியிலிருந்து கிப்லா, நேர்மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 20 பாகை சாய்ந்திருக்கிறது. கோவையில் நீங்கள் தொழும் அதே திசைதான். நேர அட்டவணையும் அப்படியே: கோவைக்கும் ஊட்டிக்கும் ஒரு நிமிட அளவே வேறுபாடு. ஆனால் சென்னை நாள்காட்டியைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 14 நிமிடம் முந்திவிடும். சென்னை உறவினர் உடன் வந்து நோன்பு வைத்திருந்தால், அவருடைய கைப்பேசியில் ஊர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மஃரிபுக்கு முன்பே நோன்பு திறந்துவிடும் தவறு இதனால் நேரக்கூடும்.

சுபுஹு தொழுது, தேநீர் குடித்து, காலையிலேயே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குச் செல்லுங்கள். முற்பகலுக்குப் பின் பனிமூட்டம் ஏறிவிட்டால் அங்கே வெண்மையைத் தவிர எதுவும் தெரியாது. இறங்கும் வழியில் 1848இல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு லுஹருக்கு நகருக்குத் திரும்பலாம். ஏரிக்கு லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரமே ஏற்றது. முன்பு குதிரைப்பந்தயம் நடந்துவந்த மைதானமும் பேருந்து நிலையமும் ஒருகாலத்தில் இந்த ஏரியின் பகுதிகளாக இருந்தவை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார்ப் படகு உண்டு. குடும்பமாகத் தனிப் படகு எடுத்தால் பெண்களும் இயல்பாக இருக்கலாம். மறுநாள், சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பைக்காராவுக்குச் செல்லுங்கள். கூட்டம் அலைமோதும் ஊட்டி ஏரியைவிட, சோலைக்காடும் புல்வெளியும் சூழ்ந்த பைக்காரா நீர்த்தேக்கமே எனக்கு மேலானதாகப் படுகிறது.

பெண்களின் தொழுகைக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. நம் பகுதிப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்கென இடம் இல்லாத நிலை மலையிலும் உண்டு. வீட்டு ஆண்கள் தாங்கள் ஜமாஅத்தில் தொழுதுவிட்டுப் பெண்களை வண்டியிலேயே காக்க வைப்பது முறையன்று. லுஹருக்கு விடுதி அறைக்குத் திரும்பும்படி சுற்றுலாவை அமைப்பதே சிறந்த தீர்வு. அது இயலாதபோது பூங்காவின் ஒதுக்குப்புறமான புல்வெளியில் தார்ப்பாயை விரித்துக்கொள்ளலாம். தனிமை வேண்டும் என்று காட்டோரமாகவோ தேயிலைத் தோட்டத்துக்குள்ளோ செல்லாதீர்கள். காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் பகுதி அது. தோடர் மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்றால் அவர்களுடைய கோயிலை நெருங்கவோ அனுமதியின்றிப் படம் எடுக்கவோ வேண்டாம். நம் வழிபாட்டிடத்துக்கு நாம் எதிர்பார்க்கும் மதிப்பு அவர்களுடையதற்கும் உரியது.

எட்டாம் படி: இறங்குதல்

அறையைக் காலி செய்த பின் லுஹர் தொழுது, உடனே இறங்கத் தொடங்கினால் இருட்டுவதற்குள் சமவெளியை அடைந்துவிடலாம். ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி; பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கோத்தகிரி வழியில் கூட்டம் குறைவு. அஸரை கோத்தகிரியிலோ மேட்டுப்பாளையத்திலோ தொழலாம்.

உங்கள் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் பயணச் சலுகைகள் முடிந்துவிடுகின்றன. இஷாவுக்குள் வீடு சேர்ந்தால் நான்கு ரக்அத்துகள்தாம். பயணத்தில் ஏதேனும் நான்கு ரக்அத் தொழுகை தவறியிருந்து அதை வீட்டில் கழா செய்வதாயின், ஹனஃபி மத்ஹபில் இரண்டு ரக்அத்துகளாகவும், ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாக நான்காகவும் தொழ வேண்டும்.